கடலிலிருந்து கடலுக்கு: வழித்துணை வேண்டாத பாதை

இங்கிலாந்தின் குறுக்கே, மலையும் மேடும் ஏறி 300 கிலோமீட்டர். முன்னே நடக்க வழிகாட்டி இல்லை. காட்ட வேண்டிய அனுமதிச் சீட்டும் இல்லை. இந்தச் சுதந்திரம் யாரும் சும்மா கொடுத்ததல்ல.

செயின்ட் பீஸ் கடற்கரையில் கோடைக் காலக் காலைகளில் ஒரு சின்னச் சடங்கு நடக்கும். முதுகில் பை, கையில் தடி, காலில் கனத்த பூட்ஸோடு ஆணும் பெண்ணுமாகச் சிலர் அலை விளிம்புக்கு வருவார்கள். பூட்ஸின் முனையை ஐரிஷ் கடலில் நனைப்பார்கள். பிறகு குனிந்து ஒரு கூழாங்கல்லைப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார்கள். அந்தக் கல், இங்கிலாந்தின் மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கரைவரை அவர்களோடு நடந்து, இரண்டு வாரம் கழித்து ராபின் ஹூட்ஸ் பே என்ற மீனவ கிராமத்தில் வட கடலுக்குள் எறியப்படும்.

கங்கை நீரை ராமேஸ்வரத்துக்கும் ராமேஸ்வரத்து மணலைக் கங்கைக்கும் சுமந்த நாட்டவர்களுக்கு இது புதிய விஷயமல்ல. நமக்குப் புதிது வேறொன்று. இந்த யாத்திரையில் தலைவர் கிடையாது. முன்னே ஒருவர் கொடி பிடித்துப் போகமாட்டார். பின்னே தண்ணீர் வண்டி வராது. கணவனும் மனைவியுமாக, இரண்டு தோழிகளாக, பல நேரம் தன்னந்தனியாக, கையில் வரைபடத்தை வைத்துக்கொண்டு நடக்கிறார்கள். போகும் வழியில் முக்கால்வாசி அடுத்தவர் நிலம். ஆட்டுக் கிடை நடுவே, விளைந்த வயல் நடுவே, சில இடங்களில் யாரோ ஒருவரின் வீட்டு முற்றத்தின் ஓரமாகவே பாதை போகிறது. யாரும் யாரையும் தடுப்பதில்லை.

'கோஸ்ட் டு கோஸ்ட்' என்று அழைக்கப்படும் இந்தப் பாதையை வகுத்தவர் அரசாங்கம் அல்ல, ஒரு கணக்கு அதிகாரி. பிளாக்பர்ன் என்ற ஆலை நகரத்தில் பிறந்த ஆல்ஃபிரட் வெயின்ரைட் (1907-1991), தன் 23-வது வயதில் முதல்முறையாக ஏரி மாவட்டத்து மலைகளைப் பார்த்தார். அந்தப் பக்கமே வேலை தேடிக்கொண்டு போய், பின்னர் கெண்டல் நகராட்சியின் பொருளாளர் ஆனார். வார நாட்களில் நகராட்சிக் கணக்கு, விடுமுறை நாட்களில் மலை. 214 மலைகளை ஏறி இறங்கி, ஒவ்வொன்றுக்கும் தன் கையாலேயே படம் வரைந்து, எழுத்தும் கையாலேயே எழுதி, 1955 முதல் 1966 வரை ஏழு வழிகாட்டி நூல்கள் வெளியிட்டார். 1973-ல் வந்தது கடலிலிருந்து கடலுக்கான புத்தகம். ஏற்கெனவே இருந்த பாதைகளைக் கோத்து ஒரே வழியாக்கினார், அவ்வளவுதான். 'இதுதான் வழி' என்றில்லாமல் 'ஒரு வழி' என்றே தலைப்பிட்டார். அவரவர் தமக்கான வழியைத் தாமே அமைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் கட்சி. வாசகர்கள் கேட்டால்தானே? அவர் போன தடத்திலேயே ஆயிரக்கணக்கில் நடக்கத் தொடங்கினார்கள்.

பாதையின் ஆரம்பமே விளையாட்டுக் காட்டுகிறது. போக வேண்டியது கிழக்கே. முதல் சில கிலோமீட்டர்களோ சிவந்த பாறைக் குன்றின் விளிம்பில், கடற்பறவைகளின் கூச்சலுக்கு நடுவே வடக்கு நோக்கிப் போகின்றன. பிறகுதான் கடலுக்கு முதுகைக் காட்டுகிறது. இரண்டாம் நாள் ஏரி மாவட்டத்தின் உள்ளே. எனர்டேல் ஏரிக் கரை, மேய்ப்பர் குடிலாக இருந்து விடுதியான பிளாக் செயில், அதைத் தாண்டி பாரோடேல் பள்ளத்தாக்கு. இங்கிலாந்திலேயே அதிகம் மழை பெய்யும் இடங்களில் ஒன்று இது. ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கும் மேல், அதாவது சென்னையைப் போல் இரண்டு மடங்குக்கு மேல். ஆனால் சென்னை மழைபோல் கொட்டித் தீர்த்துவிட்டுப் போகாது. நாள் முழுவதும் நச்சரித்துக்கொண்டே இருக்கும்.

அடுத்து கிராஸ்மியர். கல்லூரியில் ஆங்கிலப் பாடத்தில் வோர்ட்ஸ்வொர்த்தை மனப்பாடம் செய்த தலைமுறைக்கு இந்த ஊர் பெயர் பழக்கம். 1799 முதல் 1808 வரை கவிஞர் வாழ்ந்த வீடும், தேவாலயத்தருகே அவர் கல்லறையும் இங்கேதான். நாளெல்லாம் நடப்பது அவருக்கும் வழக்கம். கிராஸ்மியரைத் தாண்டிய மலைகளில்தான் பாதையின் உச்சம்: கிட்ஸ்டி பைக், 780 மீட்டர். நம் கொடைக்கானலோடு ஒப்பிட்டால் குன்று. ஆனால் உயரத்தை வைத்து எடைபோட்டவர்கள்தான் இங்கே அகப்பட்டுக்கொள்கிறார்கள். பத்து நிமிடத்தில் மேகம் இறங்கி மூடிவிடும். முன்னால் போகிறவரின் பை தெரியாது. செல்போனில் சிக்னல் இருக்காது. அந்த நேரத்தில் பூகோள வகுப்பில் படித்த திசைகாட்டிதான் துணை.

மலையின் மறுபக்கம் ஹாஸ்வாட்டர் நீர்த்தேக்கம். மான்செஸ்டருக்குத் தண்ணீர் கொண்டுபோவதற்காக 1930-களில் இங்கே மார்டேல் என்ற கிராமத்தை மூழ்கடித்தார்கள். கடும் வறட்சி வந்தால் அதன் கல்சுவர்கள் வெளியே தலைகாட்டும். மேட்டூர் அணைக்குள் கிடக்கும் கோயிலைப் பார்த்தவர்கள் ஒரு நிமிடம் நின்றுவிட்டுத்தான் போவார்கள்.

பிறகு நிலம் நிறம் மாறுகிறது. ஷாப் அருகே ஆறு வரிசை வாகனங்கள் விரையும் நெடுஞ்சாலையை ஒரு நடைபாலம் தாண்டுகிறது. கர்க்பி ஸ்டீபனுக்கு மேலே, யார் எதற்காக அடுக்கினார்கள் என்று தீர்மானமாகச் சொல்ல முடியாத ஒன்பது கல் தூண்கள். இங்கிலாந்தின் நீர்ப் பிரிமேடு இது. ஒரு பக்கம் விழும் மழை ஐரிஷ் கடலுக்கும் மறுபக்கம் விழுவது வட கடலுக்கும் போகிறது. இங்கே காலடியில் கறுத்த, ஊறிப்போன சேறு. கால் வைத்தால் முழங்கால்வரை இழுக்கும். ஆயிரக்கணக்கான பூட்ஸ்கள் மிதித்து நிலம் புண்ணாகிவிட்டதால், பருவத்துக்கு ஒன்றாக மூன்று தடங்கள் பிரித்து, ஒன்று ஆறும் வரை மற்றொன்றில் நடக்கச் சொன்னார்கள். நடப்பவர்கள் அதிகமானால் பாதைக்கும் நோய் வரும்.

கெல்ட் கிராமத்தோடு ஏறக்குறையப் பாதி வழி முடிகிறது. அங்கிருந்து ஸ்வேல் ஆற்றோரம், இடிந்த ஈயச் சுரங்கங்களுக்கிடையே ரிச்மண்ட் கோட்டைக்கு. அப்புறம் தட்டையான விவசாய சமவெளி, கடைசியாக ஹெதர் புதர்கள் ஊதா நிறத்தில் பூத்துக் கிடக்கும் மேட்டுநிலம். அந்த மேட்டின் முதுகில், 1929-ல் மூடிய இரும்புத்தாதுச் சுரங்க ரயிலின் தண்டவாளம் பெயர்த்த தடத்தின் மேல் பல மைல் நடை. மூன்று தேசியப் பூங்காக்கள் கடந்தாகிவிட்டது. எங்கும் நுழைவுக் கட்டணம் இல்லை.

வழிகாட்டி இல்லை என்றால் ஏற்பாடே இல்லை என்று பொருளல்ல. இதை நம்பி ஒரு தொழிலே நடக்கிறது. தங்குமிடங்களை முன்பதிவு செய்து, வரைபடமும் வழிக்குறிப்பும் கொடுத்து அனுப்பிவைக்கப் பல நிறுவனங்கள் உள்ளன. காலையில் பெட்டியை விடுதி வாசலில் வைத்துவிட்டுக் கிளம்பினால் போதும், வேன் ஒன்று வந்து எடுத்துப்போய் மாலைத் தங்கலில் இறக்கிவிடும். நடப்பவர் சுமப்பது மழைக்கோட்டு, தண்ணீர், கட்டுச்சோற்றுக்குப் பதிலாக இரண்டு சாண்ட்விச். இரவுத் தங்கல் பெரும்பாலும் ஏதாவது ஒரு வீட்டின் மாடி அறை. ஈர பூட்ஸை உலர்த்த ஒரு மூலை, காலையில் வயிறு முட்டச் சாப்பாடு. பிள்ளைகள் நகரத்துக்குப் போய்விட்ட பண்ணை வீடுகளுக்கு இது நல்ல வரும்படி.

எவ்வளவு நல்ல வரும்படி என்பது 2001-ல் தெரிந்தது. கால்நடைகளுக்குக் கோமாரி நோய் பரவிய அந்த ஆண்டு, நாடு முழுவதும் ஒற்றையடிப் பாதைகளை மூடினார்கள். நோய் வந்தது ஆட்டுக்கும் மாட்டுக்கும். ஆனால் ஆடு மாடே வளர்க்காத விடுதிக்காரர்களும், பப் நடத்துபவர்களும், ரொட்டிக் கடைக்காரர்களும் சேர்ந்து நொடித்தார்கள். கிராமத்தின் கல்லாப்பெட்டி எந்த வழியாக நிரம்புகிறது என்பது அப்போதுதான் பலருக்கு உறைத்தது.

சரி, அடுத்தவர் நிலத்தில் எப்படி இத்தனை தைரியமாக நடக்கிறார்கள்? விடை வரைபடத்தில் இருக்கிறது. இருபத்தைந்தாயிரத்தில் ஒரு பங்காகச் சுருக்கி வரைந்த படத்தில் பச்சைக் கோடுகளாக ஓடுபவை பொதுமக்கள் நடக்கும் உரிமையுள்ள பாதைகள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து இவற்றின் நீளம் சுமார் 2,25,000 கி.மீ. நிலம் கைமாறலாம், வாரிசு மாறலாம், பாதை மாறாது. ஒருமுறை பொதுவழி ஆனது என்றைக்கும் பொதுவழிதான் என்பது அங்கே சட்டக் கோட்பாடு. வயலின் குறுக்கே போகும் பாதையை விவசாயி உழுதுவிட்டால் முதல் உழவுக்கு 14 நாளுக்குள் பழையபடி சீராக்க வேண்டும். வேலி கட்டினால் ஆள் ஏறி இறங்கப் படியோ திறந்து மூடும் கதவோ வைக்க வேண்டும். இருபது ஆண்டுகள் மக்கள் தடையின்றி நடந்திருந்தால் புதுப் பாதைக்கும் உரிமை கோரலாம்.

பிரபுக்களின் தேசத்தில் இது தானாக வரவில்லை. பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் பொதுநிலங்கள் வேலிக்குள் போயின. மேட்டு நிலங்கள் பிரபுக்களின் வேட்டைக்காடுகள் ஆயின. ஆண்டில் சில நாட்கள் 'கிரவுஸ்' பறவைகளைச் சுடுவதற்காக, மற்ற நாட்களிலும் காவலாட்கள் தடியோடு நின்றார்கள். கீழே மான்செஸ்டரிலும் ஷெஃபீல்டிலும் ஆலைத் தொழிலாளர்கள். ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் நல்ல காற்று வேண்டுமென்றால் போகக்கூடிய இடம் அந்த மேடுதான். கண்ணுக்குத் தெரிந்தது. கால் வைக்க முடியாது.

1932 ஏப்ரல் 24, ஞாயிற்றுக்கிழமை. பென்னி ராத்மன் என்ற இருபது வயது மான்செஸ்டர் இளைஞர் ஹேஃபீல்ட் கிராமத்தருகே ஒரு கல் குவாரியில் பாறை மேல் ஏறி நின்று பேசினார். பிறகு சுமார் 400 பேர் கின்டர் ஸ்கவுட் மலை நோக்கி, பகிரங்கமாகச் சொல்லிவிட்டு அத்துமீறினார்கள். காவலாட்களோடு கைகலப்பு. இறங்கி வந்ததும் கைது. ஐந்து இளைஞர்களுக்கு இரண்டு முதல் ஆறு மாதம்வரை சிறை. ராத்மனுக்கு நான்கு மாதம். தண்டி யாத்திரை முடிந்து இரண்டு ஆண்டுதான் ஆகியிருந்தது. உப்புக்காக நடந்தவர்களை இங்கே சிறையில் தள்ளிய அரசு, நடப்பதற்காகவே நடந்தவர்களை அங்கே சிறையில் தள்ளியது.

இத்தனைக்கும் நடைபயணச் சங்கங்களின் தலைவர்களுக்கே இந்த அத்துமீறல் பிடிக்கவில்லை. பேசிப் பெற வேண்டியதைக் கெடுத்துவிட்டார்கள் என்று குறைப்பட்டார்கள். ஆனால் தண்டனை கடுமையாக இருந்ததே காரியத்தைச் சாதித்தது. சில வாரங்களில் அருகிலுள்ள கணவாயில் நடந்த கூட்டத்துக்குப் பத்தாயிரம் பேர் திரண்டார்கள். 1935-ல் டாம் ஸ்டீபன்சன் என்ற பத்திரிகையாளர், இங்கிலாந்தின் முதுகெலும்பான பென்னைன் மலைத்தொடர் நெடுக ஒரு பசும்பாதை வேண்டும் என்று எழுதினார். அது நிறைவேற முப்பது ஆண்டு ஆனது. போருக்குப் பின் வந்த தொழிற்கட்சி அரசு 1949-ல் கொண்டுவந்த சட்டம், ஒவ்வொரு மாவட்டக் கவுன்சிலும் தன் எல்லைக்குள் உள்ள பொதுப் பாதைகளைக் கணக்கெடுத்து வரைபடமாக்க வேண்டும் என்றது. சுமார் 430 கி.மீ. நீளமான பென்னைன் பாதை திறந்தது 1965 ஏப்ரல் 24. அதே தேதி. 2000-ல் வந்த சட்டம் மலை, மேட்டு நிலங்களில் பாதையை விட்டு விலகியும் நடக்க உரிமை தந்தது. 2002-ல், அத்துமீறலின் எழுபதாம் ஆண்டு விழாவில், அந்த மலைக்கு அன்று சொந்தக்காரராக இருந்த டெவன்ஷர் பிரபுவின் பேரன் மேடையேறி, தன் தாத்தா செய்தது தவறு என்று மன்னிப்புக் கேட்டார்.

அதோடு சண்டை முடிந்துவிடவில்லை. தென்மேற்கே டார்ட்மூர் மேட்டில் கூடாரமடித்து இரவு தங்கும் உரிமையை நில உரிமையாளர்கள் எதிர்த்து வழக்குப் போட்டார்கள். 2023 ஜனவரியில் உரிமை போனது, ஜூலையில் மேல்முறையீட்டில் திரும்பியது, 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் நடப்பவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. இன்னொரு பக்கம், 1949 கணக்கெடுப்பில் விட்டுப்போன பழைய பாதைகள். 2020-ல் தொண்டர்கள் பழைய வரைபடங்களைப் புரட்டி 49,000 மைலுக்கும் மேல் இப்படிக் காணாமற்போன வழிகளைக் குறித்தார்கள். இவற்றைப் பதிவுசெய்ய 2026 ஜனவரி 1 என்று முதலில் கெடு வைத்தார்கள். பிறகு 2031 என்றார்கள். 2024 டிசம்பரில், கெடுவையே நீக்கப்போவதாக அரசு அறிவித்தது. வெயின்ரைட்டின் பாதைக்கும் 2022 ஆகஸ்டில்தான், அதாவது புத்தகம் வந்து கிட்டத்தட்ட அரை நூற்றாண்டுக்குப் பின், தேசியப் பாதை அந்தஸ்துக்கு ஒப்புதலும் 56 லட்சம் பவுண்டும் கிடைத்தன. சொர்க்கம் என்றும் நினைத்துவிட வேண்டாம். நகரங்களில் வாழும் ஆசிய, கறுப்பின மக்களை இந்த நாட்டுப்புறங்களில் அதிகம் காணமுடிவதில்லை என்பதை 2019-ல் அரசு அமைத்த ஆய்வுக் குழுவே ஒப்புக்கொண்டது. சட்டம் தடுக்காத இடத்திலும் அந்நியமாக உணர வைக்கும் வேலிகள் உண்டு.

இந்தியாவில் நடப்பவர்களுக்குக் குறைவில்லை. ஆளந்தியிலிருந்து பண்டரிபுரத்துக்கும், செட்டிநாட்டிலிருந்து பழனிக்கும் லட்சக்கணக்கில் நடக்கிறார்கள். ஆனால் அது கூட்டத்தோடு, சாலையில், சாமிக்காக. ஒருவர் தனியாக, சும்மா மலையில் நடக்கிறேன் என்றால் முதலில் வரும் கேள்வி 'எதற்கு?' இரண்டாவது கேள்வி 'யாரிடம் அனுமதி வாங்கினீர்கள்?'

கேள்வியில் நியாயமும் இருக்கிறது. இங்கிலாந்து மலைகளில் யானை இல்லை, கரடி இல்லை. காட்டுத்தீ நம் ஊரளவுக்கு இல்லை. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் இருபதுக்கும் மேற்பட்டோர் தீயில் சிக்கி மடிந்ததை யாரும் மறக்க முடியாது. அதன்பின் தமிழக வனத்துறை விதிகளை இறுக்கியது. 2024 அக்டோபரில் 40 பாதைகளைத் திறந்தபோது, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகளோடுதான் போக வேண்டும் என்று வைத்தது. மேற்கு வங்காளத்தில் சந்தக்ஃபூ ஏறவும் வழிகாட்டி கட்டாயம். பழங்குடி இளைஞர்களுக்கு இதனால் வேலை கிடைக்கிறது என்பது நல்ல விஷயம்.

ஆனால் காடு அல்லாத மலைப்புறங்கள் எத்தனை? தேயிலைத் தோட்டங்களுக்கு இடையே, காபி எஸ்டேட் ஓரமாக, ஒரு மலைக்கிராமத்திலிருந்து இன்னொரு மலைக்கிராமத்துக்குச் சந்தைக்கும் கல்யாணத்துக்கும் மக்கள் தலைமுறையாக நடந்த பாதைகள் எங்கே? பல இடங்களில் ஒரு பக்கம் ரிசார்ட்டின் மதில், மறுபக்கம் மின்வேலி. இங்கிலாந்தின் இருபது ஆண்டு விதி நமக்கும் அந்நியமல்ல. 1882-ன் இந்திய வசதியுரிமைச் சட்டத்திலும் இருபது ஆண்டு கணக்கு உண்டு. ஆனால் அது பக்கத்து நிலத்துக்காரருக்கான உரிமை, ஊருக்கு அல்ல. ஊருக்கான பாதை வருவாய்த் துறையின் புலப்படத்தில் 'வண்டிப்பாதை' என்றும் 'நடைபாதை' என்றும் கிடக்கிறது. அந்தப் படத்தை யாரும் கடையில் வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நடப்பதில்லை.

இதில் ஒரு முரண்நகை உண்டு. பிரிட்டனின் நில அளவைத் துறை 1791-ல் தொடங்கியது பிரெஞ்சுப் படையெடுப்புக்குப் பயந்து, ராணுவத்துக்காக. பதினொரு ஆண்டு கழித்து, 1802-ல், வில்லியம் லாம்டன் நம் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவையைத் தொடங்கினார். அங்கே ராணுவப் படம் மெல்ல மெல்ல நடப்பவர் கைக்கு வந்தது. இங்கே விரிவான படங்கள் நெடுங்காலம் ரகசியப் பொருளாகவே இருந்தன. 2005-ல்தான் பொதுமக்களுக்குத் தனி வரிசைப் படங்கள் என்று கொள்கை வந்தது. 2021-ல் கட்டுப்பாடுகள் பெருமளவு தளர்ந்தன.

ராபின் ஹூட்ஸ் பேயில் செங்குத்தான தெரு ஒன்று நேரே கடலுக்குள் இறங்குகிறது. தெருக்கோடியில் ஒரு பப். நடந்து முடித்தவர்கள் அங்குள்ள ஏட்டில் பெயர் எழுதிவிட்டு, அலையில் மறுபடி பூட்ஸை நனைத்து, கூழாங்கல்லை எறிகிறார்கள். கையைத் தட்டிவிட்டுத் திரும்பும்போது பலர் நொண்டுகிறார்கள். அவர்களில் எத்தனை பேருக்குக் கின்டர் ஸ்கவுட்டின் அந்த ஐந்து இளைஞர்களைத் தெரியும் என்பது சந்தேகம்தான். தெரியாமலே நடக்க முடிகிறது என்பதுதான் அந்த ஐந்து பேரின் வெற்றி.

நடக்க நினைப்பவர்களுக்கு

காலம்: மே முதல் செப்டம்பர் வரை. ஜூனில் இரவு ஒன்பதரைக்கும் வெளிச்சம் இருக்கும். தங்குமிடங்கள் பல மாதம் முன்பே நிரம்பிவிடும்.

நாட்கள்: வழக்கமாக 12 முதல் 16. ஒரு நாளைக்கு 20 முதல் 25 கி.மீ. கணக்கு வைத்து, நடுவில் ஒரு நாள் ஓய்வு வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

பூட்ஸ்: ஊரிலேயே வாங்கி ஒரு மாதமாவது போட்டுப் பழகுங்கள். மலையை விடக் கால் கொப்புளத்தால் பாதியில் திரும்பியவர்களே அதிகம் இருப்பார்கள்.

வழி: மஞ்சள் அம்பு நடைபாதை. நீல அம்பு குதிரையும் போகும் பாதை. மூடுபனியில் அம்பு தெரியாது. காகித வரைபடமும் திசைகாட்டியும் கட்டாயம், இரண்டையும் பயன்படுத்தத் தெரிந்திருப்பதும் கட்டாயம்.

ஆபத்தில்: 999 எண்ணில் போலீஸைக் கேட்டு, பின் மலை மீட்புக் குழுவைக் கேளுங்கள். தொண்டர்களாகவே வருகிறார்கள், கட்டணம் இல்லை. சிக்னல் இல்லாவிட்டால் நிமிடத்துக்கு ஆறு முறை விசில், ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி ஆறு.

மரியாதை: திறந்த கதவை மூடுங்கள். ஆட்டுக்குட்டிகளை விரட்டாதீர்கள். கன்றோடு நிற்கும் பசுவை விட்டு விலகிப் போங்கள்.